சாச்சியின் கையும் பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகளும்

எங்கள் சாச்சியின் கையில் பரக்கத்து இல்லை என்று ஒரு பேச்சு எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடியது. தொட்டது துலங்கும், வைத்தது பெருகும் என்பார்களே, அந்தப் பெருக்கத்தைத்தான் எங்கள் வீடுகளில் பரக்கத்து என்போம். அந்தப் பேச்சு கிளம்பியதற்கு முழுக் காரணம் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்த விஷயம் எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. இடையில் பதினேழு வருடம் ஓடிவிட்டது.

திருத்தங்கலில் எங்கள் வீடு. அத்தா, அதாவது என் அப்பா, ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டினார். அத்தாவின் தம்பியான சாச்சா, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்கூல் பேக் கடை வைத்திருந்தார். அத்தாவின் அக்கா, எனக்கு மாமி, இரண்டு வீடு தள்ளி இருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பது என் அம்மாவைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் மாமி சொல்வதுதான் கடைசிச் சொல். நல்ல மனுஷிதான். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

சாச்சாவுக்குக் கல்யாணமாகி சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அவருடைய முந்தானையை விடவே இல்லை. மல்லாங்கிணற்றுப் பக்கம் சாச்சிக்கு ஊர். அவருடைய அத்தா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கோழி, வாத்து, கின்னிக்கோழி என்று ஒரு பட்டாளமே உண்டாம். எங்கள் வீட்டிலோ அதுவரை கறிக்கடைக்குப் போகாமல் ஒரு கோழியையும் கண்ணால் பார்த்ததில்லை. துணி துவைக்கும் கல்லும் ஒரு முருங்கை மரமும் மட்டும் இருந்த எங்கள் கொல்லைப்பக்கத்தைச் சாச்சி வந்த முதல் வாரமே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுவருகிற நாளில் அவருடைய அத்தா பலகாரத் தூக்குகளோடு, ஓட்டை போட்ட மிக்ஸி அட்டைப்பெட்டி ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகள். பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"மகளுக்கு வேற என்ன வேணும்னு கேட்டேன். இதத்தான் கேட்டுச்சு" என்று அவர் மாமியிடம் சொன்னபோது கூச்சத்தில் நெளிந்தார். மாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டில் பீரோ குடுத்தவுகளப் பாத்துருக்கேன். கோழி குடுத்தவுகள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாச்சியும் சிரித்தார். ஆனால் அன்றைக்கே அந்தக் குஞ்சுகள் வெறும் குஞ்சுகளாக இல்லாமல், புது மருமகளின் பெயரோடு சேர்த்துக் கட்டப்பட்ட குஞ்சுகளாகிவிட்டன. அவை பிழைத்தால் அவர் பெயரும் பிழைக்கும். அது எனக்குத் தெரியாது. சாச்சிக்குத் தெரிந்திருந்தது.

கொல்லைப்பக்கத்தில் சாச்சா ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். அத்தா பிரஸ்ஸிலிருந்து கெட்டி அட்டை கொண்டுவந்து வட்டமாக வளைத்துக் கட்டினார். அதற்குள் உமியைப் பரப்பி, மேலே கோணிச் சாக்கை விரித்து, நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார் சாச்சி. ஐப்பசி மழை நேரம் அது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

வான்கோழிக் குஞ்சைப் போல ஒரு மக்கு ஜீவன் இந்த உலகத்தில் இல்லை. கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததுமே தரையைக் கொத்தப் பழகிவிடும். இதற்கு எது தீனி, எது தண்ணீர் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். சாச்சி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் நனைத்து, அவித்த முட்டையையும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையையும் வாய்க்குள் ஊட்டினார். பன்னிரண்டையும் ஊட்டி முடிப்பதற்குள் முதல் குஞ்சுக்கு மறுபடி பசி வந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். எனக்கு யாராவது இப்படி ஊட்டினால் நன்றாக இருக்குமே என்றும் தோன்றியது.

சனிக்கிழமை சாச்சாவும் சாச்சியும் விருந்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. புதுமணத் தம்பதியைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு இரண்டு நாள் வைத்துக்கொண்டு, தின்றது செரிப்பதற்குள் மறுபடி இலை போடும் வழக்கம் எங்களிடம் உண்டு. இந்த முறை விருதுநகரில் ஒரு சொந்தத்தின் வீடு. போகாவிட்டால் அவர்கள் மனம் சங்கடப்படும். சாச்சி கிளம்பும்போது அம்மாவிடம் நாலு தடவை சொன்னார். "அக்கா, தானா கொத்தித் திங்கப் பழகுற வரைக்கும் வாயில ஊட்டி விடுங்கக்கா. தண்ணியில மூக்க முக்கி முக்கி எடுங்க." அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என்னிடம், "நீதான் காவலு" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார் சாச்சி. காவல் என்ற அந்த ஒரு வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது.

அவர்கள் போன ஒரு மணி நேரத்தில் நான் சாக்கைப் பார்த்தேன். அழுக்காக இருந்தது. சாச்சி திரும்பி வரும்போது அவர் கண் விரிய ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. எங்கள் பரண்மேல் அத்தா கொண்டுவந்து போட்ட லேபிள் ஷீட்டுகள் ஒரு கட்டு கிடந்தன. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அடித்ததில் கலர் விலகிப்போன வேஸ்ட் ஷீட்டுகள். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் அதுதான் அட்டை. பச்சைக் கிளிக்கு இரண்டு மூக்கு இருக்கும். ரோஜாப்பூ தன் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். சுற்றிலும் தங்க நிறப் பொட்டுகள் மின்னும். கையை வைத்தால் வழுக்கும், அப்படி ஒரு வழவழப்பு.

சாக்கை உருவிப் போட்டுவிட்டு, உமியின்மேல் ஷீட்டுகளைப் படம் தெரியும்படி வரிசையாக விரித்தேன். கொட்டகையே ஜொலித்தது. நான் நினைத்ததைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் நடந்தது. அதுவரை மரம் மாதிரி நின்ற குஞ்சுகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, டொக் டொக்கென்று கொத்த ஆரம்பித்தன. கிளியைக் கொத்தின. தங்கப் பொட்டைக் கொத்தின. நான் சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவை இழுத்துவந்தேன்.

அம்மாவுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு வந்து பார்த்தார். "அட, நல்லாத்தான கொத்தித் திங்குதுக! இனி ஊட்ட வேணாம் போல" என்று நிம்மதியாகப் போய்விட்டார். தீனித் தட்டு அப்படியே நிறைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. நான் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. நான் போட்ட கூப்பாட்டில் மாமியே வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று போயின. மீதி இருந்தவற்றில் இரண்டுக்குக் கால்கள் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தன. எழுந்திருக்கப் பார்க்கும், மறுபடி வழுக்கும். மாமி இடுப்பில் கை வைத்து நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் சாச்சி வந்தார். பட்டுச் சேலை, தலையில் மல்லிகை, கையில் விருந்து வீட்டில் கொடுத்த பலகாரப் பை. பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கொட்டகைக்குள் குனிந்து மண்டியிட்டார்.

செத்த குஞ்சு ஒன்றை எடுத்து அதன் கழுத்துக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தீனித் தட்டைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த ஒரு குஞ்சு கிளியின் மூக்கைக் கொத்திக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தார். கடைசியாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுது அழுது மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தேன்.

"எப்பிடிச் செத்துச்சு?" என்றார் மாமி. "யாரு பாத்துக்கிட்டது?"

சாச்சி எழுந்து நின்றார். "என் தப்புதான் மதினி. போற அவசரத்துல பல்ப ஒசத்திக் கட்டிட்டுப் போயிட்டேன். குஞ்சுகளுக்குக் குளிரு தாங்கல."

வெயிலுக்குப் பேர்போன எங்கள் ஊரில், எரிகிற பல்புக்கு அடியில், ஐந்து குஞ்சுகள் குளிரால் செத்தன என்று ஒருவர் சொல்ல, அதை வீடு முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பல்ப ஒழுங்காப் பாத்துக் கட்டுங்க சாச்சி" என்று புத்திமதியும் சொன்னேன். "சரிம்மா, இனிமே பாத்துக் கட்டுறேன்" என்றார். அம்மா என்னையும் சாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. ஊட்டாமல் விட்டது அவர்தானே. மாமியிடம் அவருக்கும் பயம் இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் சாச்சி அந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "எம்புட்டு அழகான படம்! இதப்போயி கோழி அசிங்கம் பண்ணலாமா? வா, நம்ம ரூம்பு சுவத்துல ஒட்டுவோம்" என்றார். துடைத்து எடுத்த நாலு ஷீட்டுகளை அவரும் நானும் பசை தடவி ஒட்டினோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு அவர் சாக்கை மறுபடி விரித்தார். பழைய துப்பட்டாவைக் கிழித்து, வழுக்கிப்போன கால்களை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டினார். எதிர்வீட்டுக் கோழியின் குஞ்சுகளில் இரண்டை இரவல் வாங்கி வந்து வான்கோழிகளுக்கு நடுவே விட்டார். அந்த இரண்டும் வந்ததும் வராததுமாகத் தீனித் தட்டில் ஏறி நின்று கொத்தின. மக்குகள் ஏழும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றன. மறுநாள் அவையும் கொத்தின. நாலைந்து நாளில் கட்டை அவிழ்த்தபோது கால்களும் நேராகிவிட்டன. ஏழும் பிழைத்தன.

ஆனால் செத்த ஐந்துதான் பேச்சில் நின்றது. மாமி கத்தவெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, இரக்கப்பட்டு, "பாவம், நல்ல பிள்ளைதான். கையில பரக்கத்து இல்ல. அதுக்கு அது என்ன செய்யும்?" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். பரிதாபப்பட்டுச் சொன்னதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்போது சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

குஞ்சுகள் வளர்ந்தன. சேவல் ஒன்று அவற்றில் ராஜாவானது. எங்கள் பக்கத்தில் சாயங்காலங்களில் ஏதாவது ஒரு கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். டமார் என்று சத்தம் வந்தால் போதும், எங்கள் சேவல் வாலை விரித்துக் கழுத்தை நீட்டிக் களகளகளவென்று பதில் சொல்லும். ஆர்டர் அதிகமான சீசனில் அதற்குத் தொண்டையே கட்டிக்கொள்ளும் போல இருக்கும். மாமி ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து முக்கியமான இடத்தை நெருங்கும்போது வெடி வெடிக்கும். சேவல் களகளக்கும். மாமிக்குச் சொல்லவந்தது மறந்துபோகும். "மருவாதி தெரியாத சென்மம்" என்று அதைத் திட்டுவார். அதைக் கேட்டு அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரிப்பார்.

மறு வருடம் பெட்டைகள் இட்ட முட்டைகளை, இரவல் வாங்கிய அடைக்கோழிகளின் அடியில் வைத்தார் சாச்சி. கோழி முட்டை பொரிய மூன்று வாரம், வான்கோழிக்கு நாலு வாரம். கோழிகள் பொறுமை இழந்து எழுந்துபோகாமல் சாச்சி காவல் காத்தார். பதினைந்து முட்டையில் பதினான்கு பொரிந்தன. அதற்கப்புறம் விருதுநகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்து குஞ்சு கேட்டார்கள். மாமி தன் பேரன் பிறந்தபோது அவனை முதலில் சாச்சியின் கையில்தான் கொடுத்தார். "இப்ப பரக்கத்து வந்துருச்சு" என்றார். அது இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இப்போது விருதுநகர் ஓரத்தில், சூலக்கரைப் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. போன மாதம் ஆறு வான்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். வளர்ப்பதைப் பற்றிக் கேட்கப்போனபோது கால்நடை டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "மொத பத்து நாளைக்குச் சாக்குதான் விரிக்கணும். வழவழப்பான பேப்பர் மட்டும் போட்றாதீங்கம்மா, கால் ரெண்டு பக்கமும் அகண்டுரும். அதுலயும் கலர் பேப்பர்னா ரொம்ப மோசம். தீனிய விட்டுட்டு அதையே கொத்திக்கிட்டுப் பட்டினியில செத்துரும்." நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சாச்சிக்குப் போன் போட்டுவிட்டேன்.

"சாச்சி, அன்னைக்குக் குஞ்சு செத்தது குளிராலயா, நான் விரிச்ச பேப்பராலயா?"

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. "இப்பத்தான் தெரியுதாக்கும் ஒனக்கு!"

"பாத்தவுடனே தெரிஞ்சிருச்சா?"

"தொண்டையத் தொட்டா வெறுங்கூடா இருக்கு. தெரியாம என்ன?"

"அப்புறம் ஏன் சாச்சி ஒங்க தலையில போட்டுக்கிட்டீக?"

"ஒம்போது வயசுப் பிள்ள. ஆசையா விரிச்சு வச்சிருக்க. ஒன்னாலதான் செத்துச்சுன்னு சொன்னா நீ அப்புறம் எதையாச்சும் தொடுவியா? என்னையன்னா ஒங்க மாமி ரெண்டு நாளு பேசிட்டு விட்ருவாகன்னு நெனச்சேன்." மறுபடி சிரித்தார். "ரெண்டு நாளு ஒன்னர வருசமாயிருச்சு, அம்புட்டுத்தான்."

பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். ஒரு புகுந்த வீட்டில் முப்பத்தெட்டாவது நாள் என்றால் என்ன என்று எனக்கு இப்போது தெரியும். பால் பொங்கி வழிந்தால்கூடப் பெயர் வாங்கிவிடும் காலம் அது. அந்த நாளில் வாங்குகிற பெயரைத் துடைக்க எத்தனை காலம் ஆகும் என்பதும் தெரியும். அந்தக் காலத்தில், பெற்ற பிள்ளைகூட இல்லை, புருஷனின் அண்ணன் மகள் ஒருத்திக்காக அதை வாங்கிக்கொண்டு, பதினேழு வருடம் ஒரு ஜாடைகூடக் காட்டாமல் இருந்திருக்கிறார். நான் எந்த வேலைக்கும் கை நடுங்காமல் வளர்ந்தேன். அது அவர் கொடுத்தது. "அல்லா ஒங்களுக்கு நெறையக் குடுக்கணும் சாச்சி" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. "அதெல்லாம் குடுத்துருக்கான். நீ மொதல்ல போயி சாக்க விரி" என்றார்.

வீட்டுக்கு வந்து சாக்கை விரித்துக்கொண்டிருந்தபோது, குஞ்சுகள் செத்த அடுத்த ரமலானின் முதல் நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்று பிற்பகல் நோன்புக் கஞ்சிக்கு உலை கொதித்தது. வருடத்தின் முதல் கஞ்சிக்கு முதல் பிடி அரிசியை வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்தான் போட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. சாச்சி குளித்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, அடுப்படி வாசலில் வந்து நின்றார். மாமி அவரைப் பார்த்தார், அரிசிப் பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள, இங்கன வா. நீ போடு. ஒங்கை பரக்கத்தான கை" என்றார்.

வேலையில் சாச்சிக்கு இன்றைக்கு லீவு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய் இரண்டு கையாலும் அரிசியை அள்ளினேன். வாசலில் நின்ற சாச்சி சிரித்துக்கொண்டே, "பிஸ்மி சொல்லி நல்லா நெறையப் போடும்மா" என்றார். நிறையவே போட்டேன். என் கை பரக்கத்தான கை என்று பெருநாள் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். சாச்சியிடமும் காட்டினேன்.